மூன்றாவது வாய்

ஒரு சீட்டைப் படிக்கும்போது அவர் உதடு அசையும். சத்தம் வராது. நாங்கள் எல்லோரும் கண்ணால் படித்துத் தள்ளிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் சீட்டில் இருப்பதைப் பேசிப் பார்ப்பார். மீன் விற்பவர் சொன்னது என்று எழுதியிருந்தால் தாடை கொஞ்சம் முன்னால் வரும். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னது என்றால் கழுத்து நிமிரும். பேச்சு தடையில்லாமல் போனால் சீட்டை வலப்பக்கம் வைப்பார். எங்காவது இடறினால் இடப்பக்கம். ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"சரியா உக்காரல."

சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஓர் அறக்கட்டளை பேச்சுவழக்கு அகராதி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்து மக்கள் வாயில் புழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிவருவது எங்கள் வேலை. அஞ்சலட்டை அளவில் ஒரு சீட்டு. சொல், பொருள், அந்தச் சொல் வந்த வாக்கியம், சொன்னவர் யார், எந்த ஊர், என்ன தேதி. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விதி இருந்தது. அதை 'மூன்று வாய்' என்போம். ஒரு சொல்லுக்குப் புதிய பொருள் ஒன்றை ஏற்க வேண்டுமானால், மூன்று ஊர்களில் மூன்று பேர் வாயிலிருந்து அது வந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்பவர் வாய் கணக்கில் சேராது. நாம் படித்துக் கெட்டுப்போனவர்கள், நம் பேச்சை நம்ப முடியாது என்பார் பதிப்பாசிரியர். அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

உதடு அசைத்துப் படிக்கும் அவரும் நானும் ஒரே நாளில் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தில் மற்றவர்கள் அவருக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவர் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தவர். ஒருநாள் மதியம் அந்த ஆள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அக்கா எட்டிப் பார்த்து, "என்னா சார், வீட்ல ஊருக்குப் போயி மூணு நாள் ஆவுதா?" என்று கேட்டுவிட்டார். உண்மைதான். மூன்றாம் நாள். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தார் மனைவி. அது யாருக்கும் தெரியாது.

"எப்புடி மேடம்?"

"ஒண்ணுமில்ல. தெனமும் மூடியைச் சுத்தித் துணி கட்டி வரும். திங்கக்கெழமையிலேருந்து துணி இல்ல."

அதற்குப் பிறகு அந்த ஆள் வேறு மேசைக்குப் போய்ச் சாப்பிட்டார். அக்கா மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால், "எக்ஸ்ரே வருது, பட்டனைப் போட்டுக்குங்கடா" என்பார். அவர் காதிலும் விழும். "போட்டும் பிரயோசனம் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருவார்.

ஆனால் அவருக்கு அது விளையாட்டு இல்லை என்பதை நான் அறிவேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவருடைய பெரிய குறை. நான்கு பேர் நடுவில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, எல்லோர் முகமும் மாறுவதையும் பார்த்துவிட்டு, "ஏன், நான் என்னா சொன்னேன்?" என்பார்.

என் விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை.

நாங்கள் இருவரும் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறுவோம். கடலூரில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா வீட்டில்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அக்காவின் டப்பாவில் இரண்டு இட்லி கூடுதலாக இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் திறந்து நடுவில் வைப்பார். "ஜாஸ்தியாப் போட்டுட்டேன், தின்னு" என்பார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. ஏழு மாதம் அந்த இட்லி வந்தது. நான் நன்றியோடு தின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் கூசிக்கொண்டே தின்றேன். நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் தினமும் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து வருவது லேசான காரியமில்லை.

ரயிலில் சொற்களைப் பற்றித்தான் பேசுவோம். கூர்மை என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. "புத்திக் கூர்மைங்கிறாங்க. கத்திக்குத்தான் கூர்மை இருக்குது. கத்தி எதைப் பாத்துச்சு? அறுக்கத்தான் தெரியும்" என்பார். நுணுக்கம் பரவாயில்லை. மிளகை நுணுக்குவது போல ஒரு விஷயத்தைப் பொடித்துப் பார்க்கிற வேலை அதில் இருக்கிறது. ஆனாலும் பொடித்த பிறகு மிளகு மிளகாக இருக்காதே என்று ஒரு சந்தேகம். சூட்சுமம் வடமொழியிலிருந்து வந்தது. வந்ததில் குற்றமில்லை, ஆனால் அதைச் சொல்கிறவர்கள் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு சொல்வது போல இருக்கிறது என்பார்.

"உங்க அம்மா என்ன சொல்லுவாங்கக்கா, இப்படிப் பட்டுனு புரிஞ்சுக்கிறதுக்கு?"

அவர் அம்மா குமராட்சிக்குப் பக்கத்தில் நடவு நட்டு, களை எடுத்து மகளைப் படிக்கவைத்தவர். அப்போதும் அங்கேதான் தனியாக இருந்தார். அந்த வீட்டில் முதல் பட்டம் இவருடையது.

"எங்கம்மாவா? அதுக்கு வார்த்தையே வச்சுக்கல. 'அவளுக்குத் தெரியும்'னு சொல்லும். அவ்ளோதான்."

அக்காவுக்குப் பிடித்த சொல் உன்னிப்பு. எங்கள் பதிப்பாசிரியருக்கும் அதே சொல்லின் மேல்தான் கண். அங்கேதான் எல்லாம் கெட்டது.

உன்னுதல் என்றால் நினைத்தல் என்று ஒரு பொருள் பழைய நூல்களில் இருக்கிறது. எழும்புதல், உடம்பை மேலே உந்துதல் என்று இன்னொரு பொருளும் இருக்கிறது. உன்னிப்பு நினைப்பிலிருந்து வந்தது என்பதுதான் பலரும் ஒத்துக்கொண்ட கருத்து. ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு விடாமல் பார்ப்பது உன்னிப்பு. பதிப்பாசிரியர் புதிதாக ஒன்று சொன்னார். உழைக்கிற மக்கள் எட்டாததைப் பார்க்க உடம்பை உந்தி எழுப்பினார்கள். அந்த எக்கல்தான் உன்னிப்பு. பிற்பாடுதான் அது அறிவுக்கு ஆகிவந்தது என்றார். அழகான கருத்து. கேட்ட அன்று எனக்கும் சிலிர்த்தது.

ரயிலில் அக்கா உதட்டைப் பிதுக்கினார். "எக்கிப் பாத்தா தூரம் தெரியும். விஷயம் தெரியுமா? நெனைச்சுக்கிட்டே பாத்தாத்தான் தெரியும்."

பதிப்பாசிரியருக்கு இரண்டு வாய் கிடைத்துவிட்டது. கடலூர் முதுநகரில் ஒரு மீனவர், லால்பேட்டையில் கொத்து வேலை செய்யும் ஒருவர். மூன்றாவது வயல் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று விரும்பினார். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு. அதில் இதைத்தான் வாசிக்கப்போகிறார். அதே மாதம் தற்காலிகப் பணியாளர்களில் சிலரை நிரந்தரமாக்கப்போவதாகவும் பேச்சு. பட்டியல் அவர் கையில். குமராட்சிப் பக்கம் போய்க் கேட்டு வரும்படி என்னிடம் சொன்னார். அந்தப் பக்கத்திலேயே பிறந்த அக்காவை ஏன் அனுப்பவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஐப்பசி மாதம், வியாழக்கிழமை. விடாத மழை. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். குமராட்சி மினிபஸ் வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன்.

'நடவுல நிக்கிறவ உன்னிப்பு எடுத்துப் பாத்தாத்தான் வரப்பு தெரியும்.' சொன்னவர்: நடவு வேலை செய்யும் பெண், வயது ஐம்பத்தைந்து. இடம்: குமராட்சி. தேதி: அன்றைய தேதி.

பதினான்கு வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒருநாள் விட்டதில்லை. அன்று மாலை அதில் எழுதியது ஐந்து சொற்கள். 'மழை. மினிபஸ் இல்லை. குமராட்சி போகவில்லை.' சீட்டில் ஒன்று, நாட்குறிப்பில் ஒன்று. இரண்டும் என் கையெழுத்துதான். இரண்டையும் திருத்தமாகவே எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதிப்பாசிரியர் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "உன்னிப்புக்கு மூணாவது வாய் கிடைச்சாச்சு." கைதட்டினார்கள்.

"சார், அந்தச் சீட்டை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார் அக்கா.

கொடுத்தார். உதடு அசைந்தது. முதுகு லேசாகக் குனிந்தது, நடவு நடுகிறவர் போல. பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து அசைந்தது.

"சரியா உக்காரல சார்."

"எது உக்காரல?"

"நடவு நடும்போது நாத்து எவ்ளோ ஒசரம் இருக்கும் சார்? ஒரு சாண். வயலு பூரா தண்ணிதான் தெரியும். குனிஞ்சு நடுறவளுக்கு வரப்பு கண்ணுக்கு நேரா கெடக்கும். எக்கிப் பாக்க அங்க என்னா இருக்குது? இதைச் சொன்னவுங்க நடவுல நின்னவுங்க இல்ல சார்."

தட்டச்சு செய்பவர் பின்னாலிருந்து, "அந்தப் பொம்பள குள்ளமா இருந்திருக்கும் மேடம்" என்றார். சிரித்தார்கள்.

"எவ்ளோ குள்ளம் சார், ஒரு சாணா?"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பதிப்பாசிரியர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு தன் கருத்தைப் பார்த்து என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"உங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்கம்மா நடவு நட்டவங்க சார். நானும் லீவுல நட்டிருக்கேன்."

"ஆபீஸ்ல இருக்கறவங்க வாய் கணக்குல சேராது. அது உங்களுக்கே தெரியும். வயல்ல நின்னவங்கல்லாம் அகராதி எழுதிடலாம்னா நாங்க எதுக்கு இங்க இருக்கோம்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அக்கா முகத்தில் எதுவும் மாறவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பதிப்பாசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீங்க நேர்ல போனீங்கல்ல?"

"போனேன் சார்."

"நீங்களே கேட்டதுதானே?"

"ஆமா சார். நடவு வயல்லதான் கேட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "வியாழக்கெழமையா போன?"

"ஆமாக்கா."

"மினிபஸ்லயா?"

"ஆமா."

இன்னும் ஒரு கேள்வி கேட்டால் நான் விழுந்திருப்பேன். அது அவர் நாக்கு நுனியில் இருந்தது. மனத்தில் பட்டதை அடக்கத் தெரியாத அந்த மனுஷி அன்று அடக்கிக்கொண்டார். சீட்டை மேசை மேல் வைத்தார். "சரி சார்" என்று உட்கார்ந்தார்.

மாலை ரயிலில் வேறு பெட்டிக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். வழக்கம்போல என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டை தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி, "புதன்கெழமையே ரோட்டுல தண்ணி ஏறிடுச்சாம். ரெண்டு நாளு வண்டி எதுவும் வரலன்னு அம்மா போன் பண்ணுச்சு" என்றார்.

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். நாட்குறிப்பு உள்ளேதான் இருந்தது.

"மத்தியான இட்லி ரெண்டு மிச்சம் இருக்குது. திங்கிறியா?"

வேண்டாம் என்றேன்.

அடுத்த மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அவருக்கு நிரந்தரமும் இல்லை, நீட்டிப்பும் இல்லை. 'கூட்டுப் பணியில் ஒத்துழைப்புக் குறைவு' என்று காரணம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அதற்கு மேல் எந்த அலுவலகமும் வயது வரம்பைக் காட்டித் திருப்பி அனுப்பும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பட்டியல் போட்டவருக்கும் தெரியும். பதிப்பாசிரியர் அறைக்கும் என் மேசைக்கும் பதினொரு அடி தூரம். நாட்குறிப்பைக் கொண்டுபோய் அவர் மேசையில் விரித்துவைத்திருந்தால் போதும். மூன்று நாள் அந்தப் பதினொரு அடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் அக்கா வரவில்லை.

அகராதி வெளிவந்தது. உன்னிப்பு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டாவது பொருளாக எக்கல், அதற்கு மேற்கோளாக என் டீக்கடை வாக்கியம். பாராட்டினார்கள். பின்னால் வந்த இன்னோர் அகராதி எங்கள் அகராதியைச் சான்று காட்டி அதை எடுத்துக்கொண்டது. பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நான் படிப்படியாக உயர்ந்தேன். பதிப்பாசிரியர் ஓய்வுபெற்றார், இறந்தார். இப்போது அகராதியை இணையத்துக்கு மாற்றும் பணி என் பொறுப்பில் இருக்கிறது. எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன்.

உன்னிப்பின் முறை இந்த மாதம் வந்தது. அந்த இரண்டாவது பொருளை நீக்குவதற்கு முன் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். திருப்பாதிரிப்புலியூர் தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை. அங்கே பிழை பார்க்கிறார். பதினேழு வருடமாக அந்தச் சந்தின் வழியே போகாமல் மார்க்கெட்டுக்குச் சுற்றிப் போய்வந்திருக்கிறேன்.

தலை முழுவதும் நரைத்திருந்தது. ஒரு காதுகுத்து அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"வா. உக்காரு. இவுங்க தாய்மாமன் பேரைக் கடைசில போட்டிருக்காங்க. வீட்ல சண்டை போலருக்குது. கேக்காம அடிச்சா வம்பு." கடைக்காரரிடம் போன் செய்து கேட்கச் சொன்னார். பிறகு என்னிடம், "என்னா, அந்தச் சீட்டா?"

"ஆமாக்கா."

"எடுக்கப் போறியா?"

"எடுக்கப் போறேன்."

தலையை ஆட்டினார். இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கே ஏன்க்கா சொல்லல? வண்டி ஓடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"சொன்னா உன் வேலையும் போயிருக்கும். வீட்ல அவரு சும்மா உக்காந்திருந்தாரு, இல்ல?" பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அதோட, நீயா சொல்லுவேன்னு நெனைச்சேன். அன்னைக்கு இல்லாட்டி மறுநாளு. மறுநாளு இல்லாட்டி அந்த வாரத்துல. லிஸ்ட் வந்தப்பறங்கூட நெனைச்சேன். எல்லாத்தையும் பாத்துடுவேன்னு ஒரு திமிரு இருந்துச்சு எனக்கு. உன்னைத்தான் தப்பாப் பாத்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அழைப்பிதழில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்ப உள்ளதை எழுதிடுறேன்க்கா. எதை நீக்கினாலும் காரணம் எழுதணும். அது அகராதி இருக்கற வரைக்கும் பதிவுல இருக்கும். சீட்டு பொய், எழுதினது நான், அப்பவே கண்டுபிடிச்சது நீங்கன்னு பேரோட எழுதிடுறேன்."

சிரித்தார். முன்வரிசைப் பல் ஒன்று இல்லை.

"எழுத மாட்ட."

"எழுதுவேன்க்கா."

"'போதிய சான்று இல்லை'ன்னு எழுதுவ. போ. வீட்டுக்கு நேரமாவுது."

"நீங்க வேணும்னா பாருங்க."

"நான் எங்க பாக்குறது?" என்று அடுத்த அழைப்பிதழை எடுத்தார்.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'நீக்கத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் தட்டச்சு செய்தேன். 'இந்த வாக்கியம் யாரும் பேசக் கேட்டதன்று. களத்துக்குப் போகாமல் நானே எழுதியது. இதை அன்றே சுட்டிக்காட்டி, அதனால் வேலை இழந்தவர்' என்று எழுதி அவர் பெயரையும் முழுதாகப் போட்டேன். படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. என் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒன்பது பேரும் அதைப் படிப்பார்கள். அறக்கட்டளையிலும் படிப்பார்கள். இந்தச் சீட்டு பொய்யென்றால் நான் எழுதிய மற்ற நான்காயிரம் சீட்டுகளையும் யாராவது எடுத்துப் பார்க்கச் சொல்லுவார்கள். அவற்றில் வேறு பொய் இல்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

கடைசியிலிருந்து அழிக்க ஆரம்பித்தேன். முதலில் போனது அவர் பெயர்.

பிறகு மூன்று சொற்களைத் தட்டச்சு செய்து, சேமி என்பதை அழுத்தினேன். போதிய சான்று இல்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லையாவது மாற்றிப் போட்டிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.